பழைய காரில் ஏர்பேக் லைட் அணையவில்லை, சீட் பெல்ட் சுருளவில்லை: முதலில் எதைப் பார்ப்பது?

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2012 மாடல் சின்ன கார். அவர் மூன்றாவது ஓனர், வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சாவி போட்டதும் எரியும் ஏர்பேக் லைட் அதற்குப் பிறகு அணைவதே இல்லை. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்தால் வருகிறது, விட்டால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு தடவை கதவில் மாட்டி ஓரம் பிசிறியும் விட்டது. தெருமுனை மெக்கானிக் ஐந்நூறு ரூபாய்க்கு லைட்டை அணைத்துத் தருவதாகச் சொல்கிறார். பெல்ட்டுக்கு அவர் சொன்ன வைத்தியம் கொஞ்சம் எண்ணெய். அடுத்த மாதம் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் மூன்று வயதுப் பையன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போக வேண்டும். லைட்டை அணைத்துவிடலாமா, சரி செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டது லைட்டைப் பற்றி. ஆனால் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தால் உங்கள் மனதில் உறுத்துவது வேறு என்று தெரிகிறது. இந்த வண்டி எங்காவது மோதினால் உள்ளே இருப்பவர்களைப் பிடித்துக்கொள்ளுமா என்பதுதான் அது. அதற்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இது ஏற்கெனவே ஒரு தடவை மோதிய வண்டியா? லைட்டும் பெல்ட்டும் தனித்தனிப் பழுதாக இருக்கலாம். ஒரே பழைய விபத்தின் இரண்டு தழும்பாகவும் இருக்கலாம். அதனால்தான் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. நான் மதுரையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில், அப்புறம் கே.புதூர் பக்கம் சொந்தப் பட்டறை. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், பார்த்தால்தான் தெரியும் என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பெல்ட். ஏனென்றால் ஏர்பேக் இல்லாமல் பெல்ட் மட்டும் வேலை செய்தாலும் ஆள் பிழைக்க வழி இருக்கிறது. பெல்ட் போடாமல் ஏர்பேக் மட்டும் விரிந்தால் அதுவே அடிக்கும். பை முழுதாக விரிய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த வேகத்தில் எதிரே வருவதன் மேல் பிடிமானம் இல்லாத உடம்பு போய் விழக்கூடாது. ஏர்பேக்கை வடிவமைத்தவர்களே அதைத் துணைக் கருவி என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டீயரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று இருக்கிறதே, அதில் முதல் எழுத்து 'துணை' என்பதைத்தான் குறிக்கிறது.

பெல்ட் சுருளும் டப்பா, நாங்கள் ரிட்ராக்டர் என்போம், கதவுக்குப் பின்னால் உள்ள தூணின் அடியில் இருக்கும். அதற்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு பக்கம் கடிகாரச் சுருள் போன்ற ஸ்பிரிங். பெல்ட்டை உள்ளே இழுத்துக்கொள்வது அது. மறுபக்கம் லாக். வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் ஒரு சின்ன இரும்புக் குண்டு உருண்டு பல்லை மாட்டிவிடும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாலும் தனியாக ஒரு பல் மாட்டும். ஆகவே சுருளாத பெல்ட் என்றால் பிடிக்காத பெல்ட் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மெதுவாக இழுத்துப் பாருங்கள், வர வேண்டும். சுள்ளென்று இழுத்துப் பாருங்கள், நிற்க வேண்டும். பத்துத் தடவை இழுத்தால் பத்துத் தடவையும் நிற்க வேண்டும். ஒரு தடவை நழுவினாலும் அந்த பெல்ட் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சுருளாததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அழுக்குதான். தோளுக்கு மேலே தூணில் பெல்ட் நுழைந்து திரும்பும் வளையம் இருக்கிறதல்லவா, அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பத்து வருட வியர்வையும் தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக, பிசுக்காக, மெழுகு மாதிரி படிந்திருக்கும். ஸ்பிரிங்குக்கு அந்தப் பிசுக்கைத் தாண்டி இழுக்கத் தெம்பு இருக்காது. போன வாரம்கூட ஒருவர் புது பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தார். வளையத்தை ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தேன். பழைய பெல்ட் சரசரவென்று உள்ளே போனது. புதியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, மேலே ஒரு துணிக் கிளிப் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, நாடாவையும் வளையத்தையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச்சிங் வேண்டாம், சாயம் வேண்டாம். நாடாவின் நூல் பலமிழக்கும். எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் தூசியை இழுத்து வைத்துப் பழையபடி ஆக்கும். லாக் பல்லுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம்.

துடைத்தும் சுருளவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது டப்பா சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கலாம். டப்பா நேராக நிற்கும்போதுதான் அந்தக் குண்டு சும்மா இருக்கும். டப்பாவைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்தால் லாக் ஆகிவிடும். இது தெரியாமல், "டப்பா ஜாம் ஆயிடுச்சு" என்று அதை உடைத்துப் பார்த்த மெக்கானிக்குகள் உண்டு. அழகர்கோவில் மலைப்பாதையில் சரிவாக நிறுத்தினால் பெல்ட் வர மறுப்பதும் இதனால்தான்; அது பழுதில்லை. டப்பாவை மட்டும் யாரையும் பிரிக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்துவிட்டால் அதே முறுக்கத்தோடு திருப்பி வைக்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், பல வண்டிகளில் அதே டப்பாவோடு ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பியும் ஒட்டியிருக்கும்.

இந்தக் குப்பிதான் லைட்டையும் பெல்ட்டையும் இணைக்கிறது. இதன் பெயர் பிரீடென்ஷனர். மோதும் கணத்தில் ஏர்பேக்கோடு சேர்ந்து இதுவும் வெடித்து, பெல்ட்டின் தளர்ச்சியைச் சுருட்டி ஆளை சீட்டோடு இறுக்கும். ஏர்பேக்கை இயக்கும் அதே கம்ப்யூட்டர்தான் இதையும் இயக்குகிறது. இதில் பழுது என்றாலும் எரிவது அதே ஏர்பேக் லைட்தான். ஒரு தடவை வெடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெடித்த பிறகு பெல்ட் பெரும்பாலும் அப்படியே இறுகிப்போகும். சிலவற்றில் கரடுமுரடாக ஓடும், சரியாகச் சுருளாது. இப்போது உங்கள் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். லைட் எரிகிறது, டிரைவர் பெல்ட் சுருளவில்லை, மூன்றாவது ஓனர். எனக்கு முதலில் சந்தேகம் அங்கேதான் போகிறது.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் ஒரு சின்ன துணி லேபிள் தைத்திருக்கும். அதில் தயாரித்த தேதி இருக்கும். டிரைவர் பக்கத்ததையும் பக்கத்து சீட் பெல்ட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று 2012, மற்றது 2016 என்றால், ஒரு பெல்ட் மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேட்க வேண்டும். அப்புறம் நாடாவை வளையத்தில் படும் இடத்தில் பாருங்கள். பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டில் அந்த இடம் உருகினாற்போலப் பளபளப்பாக இருக்கும், வளையத்தின் பிளாஸ்டிக்கிலும் கீறல் விழுந்திருக்கும். சில மாடல்களில் குப்பி பூட்டுப் பக்கத்தில் இருக்கும். வெடித்திருந்தால் அந்த பக்கிள் மற்ற சீட்டின் பக்கிளைவிட ஓரிரு அங்குலம் கீழே இறங்கி, அதன் ரப்பர் உறை மடிந்து நசுங்கியிருக்கும். இரண்டு சீட்டையும் ஒரே அளவுக்குத் தள்ளி வைத்து, குனிந்து பார்த்தால் போதும்.

இவற்றில் ஒன்று தென்பட்டால், வண்டிக்கு ஒரு கதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்படவில்லை என்றால் சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான். ஓரம் பிசிறிய பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு நூல் மட்டும் எழும்பியிருந்தால் நான் பயப்பட மாட்டேன். ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தாலோ, நகத்தால் தடவினால் பள்ளம் தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். தையல்காரரிடம் கொடுத்து ஓரம் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம்.

இனி லைட். சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர்பேக் லைட் எரிந்து, சுமார் ஐந்தாறு நொடி தன்னைத்தானே சோதித்துவிட்டு அணைய வேண்டும். அப்போது ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது அதன் மேல் டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஆயில் லைட் அணையும் அதே கணத்தில் ஏர்பேக் லைட்டும் அணைந்தால், இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் எரிந்துகொண்டே இருக்கிறது. விற்றவர் அந்த அளவுக்கு நேர்மையானவர் என்று ஒரு வகையில் ஆறுதல் படலாம்.

லைட் எரியும்போது ஏர்பேக் விரியுமா? சில வண்டிகளில் ஒரு சர்க்யூட்டில் பழுது என்றால் அது மட்டும் படுத்துவிடும், மற்றவை வேலை செய்யும். சிலவற்றில் எல்லாமே நின்றுவிடும். லைட் எரிகிறது என்றால் விரியாது என்று எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள். ஆனால் வேலைக்காக உள்ளே கை வைக்கும்போது மட்டும், விரிந்துவிடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காரணங்களில் பெரும்பாலானவை சின்னவை. முதலில் உங்களிடம் கேட்க வேண்டியது: ஹாரன் அடிக்கிறதா? ஸ்டீயரிங்கின் அடியில், பழைய கேசட் நாடா மாதிரி ஒரு தட்டையான வயர் வட்ட டப்பாவுக்குள் சுருண்டிருக்கும். ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் அறுபடாமல் போவது அதன் வழியாகத்தான். கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அது அறுந்தால் லைட் எரியும், பல வண்டிகளில் ஹாரனும் சேர்ந்து போகும், அல்லது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் விட்டுவிட்டு அடிக்கும். ஸ்டீயரிங் வேலைக்காக யாராவது அதைக் கழற்றி, நடுவில் நிறுத்தாமல் ஒரு சுற்றுத் தள்ளி மாட்டியிருந்தால் முதல் யூ டர்னிலேயே அறுந்துவிடும். காளவாசல் சிக்னலில் திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம், அப்போதிருந்து லைட் என்று ஒருவர் வந்தார். கேட்டால் முந்தின நாள்தான் பவர் ஸ்டீயரிங் வேலை நடந்திருந்தது.

அடுத்தது மஞ்சள் கப்ளர், அதாவது வயர்களை இணைக்கும் சொருகி. ஏர்பேக் சம்பந்தப்பட்ட கப்ளர்கள் பொதுவாக மஞ்சளாக இருக்கும். தொடாதே என்பதற்கான நிறம். சீட்டின் அடியில் ஓடும் கப்ளர்தான் அதிகம் அடிபடும். தண்ணீர் பாட்டில் உருண்டு போய் இடிக்கும், வாட்டர் வாஷ் பையன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது வயர் இழுபடும், ஏ.சி. தண்ணீர் வெளியே போகாமல் தரை விரிப்புக்கு அடியில் தேங்கிப் பச்சை பிடிக்கும். 2024 அக்டோபரில் ஒரே மழையில் செல்லூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த இரண்டு மாதம் எனக்கு இதே வேலைதான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். சீட்டுக்கு அடியில் பின்கள் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்தன. மழைக்கு முன்னால் வயரைக் கடிக்கும் எலி, மழைக்குப் பின்னால் துரு. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் சில வண்டிகளில் இந்த லைட் வரும். பேட்டரி பழையதென்றால் முதலில் அதைச் சோதிப்பது செலவு குறைந்த வேலை.

எது என்று கண்டுபிடிக்க ஏர்பேக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை, அதாவது பழுதுக்கான குறியீட்டு எண்களை, மட்டும்தான் காட்டும். ஸ்கேனரில் வரும் கோடு எந்த சர்க்யூட் என்றும், அதில் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கான தடை, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றும் சொல்லும். எந்தப் பாகம் என்று சொல்லாது. "டிரைவர் ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம்" என்று வந்தால் பை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கிளாக் ஸ்பிரிங்காக இருக்கலாம், கப்ளராக இருக்கலாம், கடைசியாகத்தான் பை. கோடைப் பார்த்த உடனேயே "ஏர்பேக்கை மாத்தணும்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

ஐந்நூறு ரூபாய் வைத்தியத்துக்கு வருகிறேன். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் முனையின் ரெசிஸ்டன்ஸ் இரண்டு மூன்று ஓம் அளவுதான். கம்ப்யூட்டர் அந்த அளவைத்தான் தேடுகிறது. அதே அளவில் ஒரு ரெசிஸ்டரைக் கப்ளரில் சொருகினால் 'பை இருக்கிறது' என்று நம்பி லைட்டை அணைத்துவிடும். என் டூல் பெட்டியிலும் அந்த ரெசிஸ்டர் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் இதை மாட்டி, பழுது வயரிலா பையிலா என்று பத்து நிமிடம் பார்ப்பதற்கு. பார்த்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதை உள்ளேயே விட்டுவிடுவதுதான் அந்த ஐந்நூறு ரூபாய்.

மேலூர்க்காரர் ஒருவர் ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று வந்தார். அவருடைய வண்டியில் ஏர்பேக் லைட் ஆறு நொடி எரிந்து ஒழுங்குப் பிள்ளையாக அணைந்தது. பேட்டரி வயரைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்டீயரிங் நடு மூடியைக் கழற்றினேன். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டை மாதிரி லேசாக இருந்தது. உள்ளே பையும் இல்லை, குப்பியும் இல்லை. கிழிந்த மூடியைப் பின்பக்கம் எம்-சீல் வைத்து ஒட்டி, முன்பக்கம் பெயின்ட் அடித்திருந்தார்கள். மஞ்சள் கப்ளரில் கருப்பு டேப் சுற்றி ஒரு ரெசிஸ்டர். அதன் நிறப்பட்டைகள் சிவப்பு, சிவப்பு, தங்கம், அதாவது 2.2 ஓம். இரண்டு வருடமாக அந்த வண்டியில் மனைவி, பிள்ளைகளோடு சென்னைக்கும் திருச்செந்தூருக்கும் போய் வந்திருக்கிறார். மூடியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

இதனால் ஒன்று புரிந்திருக்கும். லைட் சரியாக அணைகிறது என்பதும் முழு சாட்சி ஆகாது. ஸ்கேனரும் இந்த ரெசிஸ்டரைக் கண்டுபிடிக்காது. மூடியின் நிறம் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா, ஓரத்தில் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் தெரிந்தவரை வைத்துத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி. நீங்கள் மட்டும் திறக்காதீர்கள். யூடியூப் பார்த்து மல்டிமீட்டரால் பையின் முனைகளைத் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டே அதை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

உங்கள் வண்டியில் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். பக்கத்து சீட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல். 2012-ல் உயர்ந்த வேரியன்ட்டுகளில்தான் இரண்டும் வந்தன, சிலவற்றில் டிரைவருக்கு மட்டும் வந்தது. பக்கத்து சீட்டில் பை உண்டா என்று டேஷ்போர்டில் எழுத்து இருக்கிறதா பார்த்தும், மேனுவலைப் புரட்டியும் தெரிந்துகொள்ளலாம். பழைய மேனுவல்கள் சிலவற்றில் பத்து அல்லது பதினைந்து வருடத்தில் பையைச் சோதிக்க அல்லது மாற்றச் சொல்லியிருப்பார்கள்; அதையும் பாருங்கள்.

சேசிஸ் நம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி இணையதளத்தில் ரீகால் (பழுதான பாகத்துக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) உண்டா என்று போட்டுப் பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அது கெட்டு, விரியும்போது குப்பியே சிதறி உலோகத் துண்டுகள் ஆளின் மேல் பாய்ந்தன. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா உட்பட சில கம்பெனிகள் அந்தக் காலத்து வண்டிகளைத் திரும்ப அழைத்தன. நம் ஊர் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு இது வெறும் செய்தி இல்லை. ரீகால் இருந்தால் இலவசம்; எத்தனையாவது ஓனர் என்று கேட்க மாட்டார்கள்.

செலவு. வண்டியைப் பார்க்காமல் தொகை சொன்னால் அது பொய்யாகிவிடும், அளவு மட்டும் சொல்கிறேன். ஸ்கேன் செய்து கப்ளரைச் சுத்தம் செய்வதோடு முடிந்தால் சில நூறு. கிளாக் ஸ்பிரிங் அல்லது பெல்ட் முழு செட் என்றால் சில ஆயிரம். பை, கம்ப்யூட்டர், பிரீடென்ஷனர் எல்லாம் என்றால் பல பத்தாயிரம். அந்தக் கட்டத்தில் வண்டியை விற்றவரோடு பேசுவது நல்லது. பழைய இரும்புக் கடையிலிருந்து கழற்றிய பை பாதி விலைக்குக் கிடைக்கும். நான் மாட்ட மாட்டேன். எந்த வெள்ளத்தில் கிடந்தது, எந்த வெயிலில் வெந்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது. பழைய பெல்ட்டும் அப்படியே. பெல்ட் மட்டும் புதுசாக, கம்பெனி பாகமாக, உங்கள் மாடலுக்கு உரிய நம்பரோடு இருக்கட்டும்.

கொடைக்கானல் விஷயம். பெல்ட் சரியாகாமல் அந்த வண்டியை ஒர்க் ஷாப்புக்குத் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள். பெல்ட் சரியாகி, வெடித்த தடயம் எதுவும் இல்லை, கோடும் சின்னப் பழுதுதான் என்று தெரிந்து, கிளாக் ஸ்பிரிங் வருவதற்கு மட்டும் பத்து நாள் ஆகும் என்றால், போய் வரலாம். நானாக இருந்தால் போவேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது காப்பாற்றுவது பெல்ட்டும் பிரேக்கும்தான். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். அம்மா சேலையைக் காரணம் சொல்வார், கேட்காதீர்கள்.

அக்கா பையனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பதிலில் எனக்கு அதுதான் முக்கியம். குலதெய்வக் கோவிலுக்குப் போகும் வண்டிகளில் பார்க்கிறேன்: முன்சீட்டில் பெரியவர், மடியில் பிள்ளை. ஏர்பேக் கெட்டிருந்தால் மோதும்போது அந்தப் பிள்ளை டேஷ்போர்டில் மோதும். சரியாக இருந்தால் இன்னும் கொடுமை. பை விரிவது நேராகப் பிள்ளையின் முகத்தில். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை அந்த விசைக்குத் தாங்காது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் இருந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பின்சீட்டில், ஓரத்தில், குழந்தை சீட் போட்டு உட்கார வையுங்கள். வாங்க வசதி இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். அதை பெல்ட்டால் இறுக்கிக் கட்டும்போது அந்தப் பின் பெல்ட்டும் சுருண்டு லாக் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய வண்டியில் பின் பெல்ட்டை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள், பக்கிள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஒரு தடவை அப்படித் தோண்டி எடுத்த பக்கிளுக்குள் ஒரு ரூபாய் நாணயம் சிக்கியிருந்தது.

அப்பா ஓட்டுவதாக இருந்தால், ஸ்டீயரிங் நடுவுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் போதாது. இருபத்தைந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பக்கத்து சீட் டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரையோ முருகனையோ டேப் வைத்து ஒட்டியிருந்தால், ஏர்பேக் மூடி திறக்கும் இடம் அதுதானா என்று பாருங்கள். அங்கே இருந்தால் நடுவுக்கு நகர்த்திவிடுங்கள். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

ஒர்க் ஷாப்பில் வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தையும், லைட்டை அணைப்பதற்கு முன் ஸ்கேனர் காட்டிய பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் நாளைக் காலை இரண்டு வேலை: ஹாரனை ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியபடியே அடித்துப் பாருங்கள்; இரண்டு முன் பெல்ட்டிலும் உள்ள தேதி லேபிளைப் போட்டோ எடுங்கள். இரண்டையும் இங்கேயே போடுங்கள், அடுத்து என்ன என்று சொல்கிறேன்.